ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

மலைநாட்டில் பயிர் நோயும் கால்நடை நோயும் காக்க வந்துள்ள கணினி பற்றி

ஹற்றனிலிருந்து நானுஓயா வரை புகைவண்டியிற் செல்லும் எவரும் இருபுறமும் தேயிலையையே காண்கின்றனர். இம்மலைகள் ஆதிமுதல் தேயிலைக்கென்றே அமைந்தவை போலும் என எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கை மலைநாட்டின் பெருஞ் செல்வமாக விளங்கியது கோப்பி. அந்தக் கோப்பியை வேரோடு சாய்த்துத் தேயிலைக்கு வழிவிட்டது, வெறுங் கண்ணாற் காண முடியாத ஒரு பங்கசின் வித்தியே ஆகும். போரும் பெருவெள்ளமும் செய்யாத மாற்றத்தைக் காற்றில் மிதந்து வந்த ஒரு தூள் செய்து முடித்தது.

அந்தப் பழங்கதையை இன்று நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பயிர்களையும் கால்நடைகளையும் தாக்கும் நோய்களை உடனுக்குடன் அறிந்து, பதிந்து, பரவுமுன் தடுப்பதற்கென்று கணினி மென்பொருள்கள் பல நாடுகளிற் பயன்பட்டு வருகின்றன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன, அவற்றால் எது இயலும், எது இயலாது என்பதை மலைநாட்டுக் குடும்பங்கள் தெரிந்து வைத்திருத்தல் நலம். ஏனெனில், எந்த நோயாயினும் அதனை முதலிற் காணும் கண்கள், நிரையில் நின்று கொழுந்து கொய்யும் பெண்ணின் கண்களும், லயத்துப் பட்டியிற் பசுவுக்குப் புல் இடும் முதியவரின் கண்களுமே. அக்கண்கள் கண்டதைச் சொல்லும் சொல் எங்கே போய்ச் சேருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கோப்பி கற்பித்த பாடம்

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பிச் செடிகள் சிலவற்றின் இலைகளில் மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் அப்பியிருந்தது. சில நாட்களில் இலைகள் உதிர்ந்தன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிட்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசுகளை ஆராய்வதிற் பெயர் பெற்ற பெர்க்லி பாதிரியார் அவற்றை ஆராய்ந்து, அவ்வாண்டிலேயே அதற்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். பெயரின் பிற்பகுதிக்குப் பொருள் 'பாழாக்குவது' என்பதாகும். பெயர் வைத்தவர் அறிந்தோ அறியாமலோ ஒரு தீர்க்கதரிசனமே உரைத்துவிட்டார்.

ஆகவே, நோய் வந்தது தெரியாமற் போயிற்று என்று எவரும் சொல்வதற்கில்லை. கண்ட ஆண்டிலேயே அதற்குப் பெயரும் கிடைத்துவிட்டது. ஆயினும் அடுத்த பத்தாண்டுகள் வீணாயின. எவ்வாறெனின், அக்காலத்திற் கோப்பியின் விலை உயர்ந்துகொண்டே சென்றது. ஏக்கருக்குக் கிடைக்கும் விளைவு குறைந்தபோது, துரைமார் புதிய காடுகளை வெட்டி மேலும் கோப்பி நட்டனர். 1870களிற் கோப்பி நின்ற நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரையும் தாண்டிற்று. மொத்த வருமானம் குறையாமல் நின்றமையால், உள்ளே அரித்துக்கொண்டிருந்த நோய் ஒருவருடைய கணக்கிலும் ஏறவில்லை. இலையிற் கண்ட நோய் பேரேட்டில் இல்லை. பேரேட்டில் இல்லாததை யார் நம்புவர்?

1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இந்நோயை ஆராய்வதற்கென்றே இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இரண்டாண்டுகள் இங்கே தங்கி அவர் கண்டறிந்தவை இன்றும் பயிர்நோய் நூல்களிற் பாடமாக உள்ளன. வித்திகள் காற்றிற் பரவுகின்றன. இலையின் மேல் நிற்கும் நீர்த்துளியில் முளைக்கின்றன. இலைவாய் வழியே உள்ளே நுழைகின்றன. மஞ்சட் புள்ளி கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே பங்கசு இலைக்குள் குடிபுகுந்துவிடுகிறது. ஆகவே மருந்து இடுவதானால் வித்தி முளைக்குமுன் இடல் வேண்டும். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை காற்றுக்கும் வித்திக்கும் இராசபாட்டை அமைத்துக் கொடுத்தது போலாயிற்று என்பதும் அவர் காட்டிய உண்மை. ஆனால் அவர் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது காலம் கடந்துவிட்டது. 1884இல் தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பித் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன.

துரைமாரின் நட்டத்தை வரலாற்று நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, மாத்தளை வழியாக நடந்து வந்து கோப்பிப் பழம் பறித்த நம் முன்னோரின் நட்டத்தை எழுதி வைத்தோர் சிலரே. பல தோட்டங்களிற் சம்பளம் நிலுவையில் நின்றது. வேலையின்றி ஊர் திரும்பியோர் பலர். பின்னர், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை மலைகளெங்கும் பரவிற்று. கோப்பிக்குப் பருவத்தில் மட்டுமே பெருந்தொகையான ஆட்கள் தேவை. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கைகள் தேவை. ஆதலாற் பருவந்தோறும் வந்து போன மக்கள் லயங்களிலே நிலையாகத் தங்கினர். மலையகத் தமிழ்ச் சமுதாயம் இன்றுள்ள வடிவைப் பெற்றதற்கு அந்தப் பங்கசும் ஒரு காரணம் எனின் அது மிகையன்று. பயிர் நோய் என்பது பயிரோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எங்கே தேடுவது?

அந்த நோய் இலங்கையோடும் நிற்கவில்லை. 1970இல் அது பிரேசில் நாட்டிற் கால் வைத்தது. 2013இல் மத்திய அமெரிக்க நாடுகள் சில, கோப்பித் துரு நோயின் பொருட்டு அவசரநிலை அறிவிக்க நேர்ந்தது. அங்கும் முதலில் வேலை இழந்தோர் பழம் பறிக்கும் கூலி மக்களே.

கொப்புளமும் கண்ணாடி உருண்டையும்

தேயிலைக்கும் ஒரு சோதனை வராமற் போகவில்லை. அசாம் மாநிலத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த கொப்புள நோய் 1946ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றிற்று. தோட்டத்திற் பிறந்து வளர்ந்தோர்க்கு இதனை விவரிக்க வேண்டியதில்லை. தளிரிலையில் முதலில் எண்ணெய் பட்டாற்போன்ற ஒரு சிறு புள்ளி. பின்பு அது வட்டமாக விரிந்து, மேற்புறம் குழிந்து, அடிப்புறம் புடைத்து, வெண்தூள் பூத்த கொப்புளமாகிறது. முற்றிய இலையை இந்நோய் தொடுவதில்லை. நாம் கொய்து விற்கும் கொழுந்தையே தொடுகிறது. கவ்வாத்து வெட்டியபின் புதிதாகத் துளிர்க்கும் செடிகளுக்கு இதனால் விளையும் கேடு மிகப் பெரிது. ஒரு வித்தி விழுந்து கொப்புளமாகி மீண்டும் வித்தி தூவ மூன்று, நான்கு வாரங்கள் போதும். பனியும் தூறலும் நீங்காத பருவத்தில் இச்சுற்று ஓயாது சுழலும்.

ஆயினும் 1946ஆம் ஆண்டின் நிலைமை 1869இன் நிலைமையினின்று வேறுபட்டதாயிருந்தது. கோப்பிக் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது: 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம். தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் இயங்கிவரும் அந்நிலையத்தார் நோயை அடையாளங் கண்டு, செப்புச் சேர்ந்த மருந்துகளைத் தெளிக்கும் முறையை வகுத்தனர். தேயிலை தப்பிற்று.

மருந்து தெளிப்பதற்கு ஆளும் பணமும் வேண்டும். வாரந்தோறும் தெளிப்பதா, வேண்டியபோது மட்டும் தெளிப்பதா? வேண்டியபோதெனின் அது எப்போது? இவ்வினாவுக்கு விடை தேடியோருள் விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் ஆகிய மூவரும் அடங்குவர். வெயிலும் மழையும் கொப்புள நோயை எவ்வாறு கூட்டியும் குறைத்தும் விடுகின்றன என்ற அவர்களது ஆய்வு 1961இல் வெளியாயிற்று. சில மணி நேர நல்ல வெயில் அடித்தால் வித்திகள் மடிகின்றன. மேகமூட்டம் நீடித்தால் அவை பிழைக்கின்றன. பின்னர் அலன் கெர், சண்முகநாதன், ரொட்றிகோ முதலியோர், காற்றில் மிதக்கும் வித்திகளையும் வானிலைக் குறிப்புகளையும் கொண்டு, இன்னும் சில வாரங்களில் எத்துணைக் கொப்புளம் தோன்றும் என்று முன்கூட்டியே கணிக்கும் முறையொன்றை 1960களில் வகுத்தனர். அந்தக் கெர் என்பவர் பின்னாளில் அவுஸ்திரேலியாவில் வேறொரு பயிர் நோய்க்கு உயிரியல் மருந்து கண்டு உலகப் புகழ் எய்தினார்.

வெயில் நேரத்தை அளக்கும் கருவியைப் பள்ளி மாணவர் பலர் வானிலை நிலையங்களிற் கண்டிருப்பர். ஒரு கண்ணாடி உருண்டை. அதன் பின்னே ஓர் அட்டை. வெயில் எரிக்கும் நேரமெல்லாம் உருண்டை வழியே குவியும் கதிர் அட்டையிற் கருங்கோடு இழுக்கும். மேகம் மூடினாற் கோடு அறும். மாலையிற் கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் இத்தனை மணி என்பது கிடைக்கும். இன்றைய மென்பொருள் செய்யும் வேலையின் கருவை இங்கே காணலாம். பார்த்ததை எண்ணாக்கி, எண்ணை ஏட்டில் ஏற்றி, ஏட்டைக் கொண்டு நாளை என்ன செய்வதென முடிவு செய்தல் என்பதே அது. கண்ணாடி உருண்டைக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி வந்திருக்கிறது. அட்டைக்குப் பதிலாகக் கணினியின் நினைவகம் வந்திருக்கிறது.

கணினி செய்யும் வேலை

இனி அந்த மென்பொருள் செய்வது யாது என்பதைப் பார்ப்போம். உவமைக்காக ஒரு நிலைமையை எண்ணிக்கொள்வோம். நுவரெலியா மாவட்டத்தில் ஏதோவொரு தோட்டம். லயத்துக்குப் பின்னே ஒரு மாட்டுப்பட்டி. பசு தீனெடுக்கவில்லை; வாயிலிருந்து எச்சில் வடிகிறது; நாக்கிற் கொப்புளம்; குளம்பு நொந்து கால் ஊன்ற மாட்டாமல் நிற்கிறது. கோமாரி என்று நம் முதியோர் பார்த்த மாத்திரத்திற் சொல்லிவிடுவர். மிருக வைத்தியருக்குச் செய்தி போகிறது.

பழைய முறையில் வைத்தியர் வந்து பார்ப்பார், ஏட்டில் எழுதுவார், மாத முடிவில் அவ்வேடு மாவட்டக் காரியாலயத்துக்குப் போகும், அங்கிருந்து மேலிடத்துக்குப் போகும். மேலிடத்தார் படிக்கும்போது பசு பிழைத்துமிருக்கும், பக்கத்துத் தோட்டத்திற் பத்துப் பசுக்கள் நோயிலும் விழுந்திருக்கும்.

மென்பொருள் இருக்குமாயின் நடப்பது வேறு. முதலாவது, வைத்தியர் பட்டியருகே நின்றே தொலைபேசியிற் பதிவு செய்கிறார். இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழுகிறது. இரண்டாவது, எடுத்த மாதிரிக்கு ஓர் இலக்கம் இடப்படுகிறது. ஆய்வுகூட முடிவு வந்ததும் அந்த இலக்கத்தின் கீழே சென்று சேருகிறது. எந்தப் பசுவின் இரத்தம் எது என்ற குழப்பத்துக்கு இடமில்லை. மூன்றாவதாக வருவதே இவ்வேலையின் உயிர்நாடி: அடிச்சுவடு தேடுதல். கோமாரி உள்ளே புகுந்து வெளியே தெரிவதற்குப் பதினான்கு நாட்கள் வரை ஆகலாம். ஆகவே அந்தப் பதினான்கு நாட்களில் இப்பசு எங்கிருந்து வாங்கப்பட்டது, எந்தக் காளையுடன் சேர்க்கப்பட்டது, இப்பட்டியிலிருந்து எந்தக் கன்று எங்கே விற்கப்பட்டது, பால் எடுக்கும் வண்டி வேறு எந்தப் பட்டிகளுக்குப் போயிற்று என்றெல்லாம் முன்னும் பின்னும் தொடர்ந்து செல்கிறது. நான்காவது, புள்ளியைச் சுற்றி வட்டம் வரையப்படுகிறது. வட்டத்துக்குள் எத்தனை மாடுகள், எத்தனை ஊசிமருந்து வேண்டும், யார் எந்த லயத்துக்குப் போவது என்பன பங்கிடப்படுகின்றன. ஐந்தாவது, போனவர் செய்த வேலை அன்று மாலையே பதிவாகிறது. செய்யாத வேலை செய்யப்படாததாகவே திரையில் நிற்கிறது.

பயிர் நோய்க்கும் முறை ஏறத்தாழ இதுவே. பசுவுக்குப் பதிலாக நாற்று மேடை. கன்று விற்ற இடத்துக்குப் பதிலாக நாற்று அனுப்பிய தோட்டம். இவ்விரண்டையும் ஒரே ஏட்டிற் கையாளும்படி அமைக்கப்பட்ட மென்பொருளுக்கு உதாரணமாக அவுஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட 'பயோசேட்' என்பதைக் கூறலாம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தாரிடம் உலகளாவிய கால்நடை நோய்ச் செய்திகளைத் திரட்டும் 'எம்பிரஸ்-ஐ' என்னும் அமைப்பு உள்ளது. 2018இல் இலங்கையின் சோளப் பயிரைச் 'சேனா' என்று பெயர் பெற்ற படைப்புழு தின்றழித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டிலே அந்நிறுவனம் அப்புழுவுக்கென்றே ஒரு தொலைபேசிச் செயலியை வெளியிட்டது. உழவரே தம் வயலில் நின்று செடிகளைப் பார்த்து, புழு தின்ற செடி எத்தனை என்று பதிந்து அனுப்பும்படி அது அமைக்கப்பட்டது.

நாட்கணக்கின் விலை

விரைவு ஏன் இத்துணை முக்கியம் என்று கேட்பவர்க்கு 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லலாம். அவ்வாண்டு பெப்ரவரி 20ஆம் நாளையொட்டிக் கோமாரி நோய் அங்கே உறுதி செய்யப்பட்டது. அதற்குமுன்னரே நோய்கொண்ட செம்மறி ஆடுகள் சந்தைகளின் வழியாக நாட்டின் பல மூலைகளுக்கும் சென்றுவிட்டிருந்தன. கால்நடைகளை இடம் மாற்றத் தடை விதிக்கப்பட்டது பெப்ரவரி 23இல். நோயை ஒழிக்கும் முயற்சியிற் கொல்லப்பட்ட கால்நடைகள் அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை. செல்வமும் விஞ்ஞானமும் நிறைந்த ஒரு நாட்டிலே, சில நாட்கள் பிந்தியதற்கு விலை அது.

இதற்கு மாறான ஒரு மகிழ்ச்சிச் செய்தியும் உண்டு. ஒரு காலத்தில் உழவர் குடும்பங்களின் மாடுகளைக் கூட்டங் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் உலகினின்று முற்றாக ஒழிந்தது என 2011இல் அறிவிக்கப்பட்டது. நல்ல தடுப்பூசி அதற்கு ஒரு காரணம். கடைசி நோயாளி மாடு எங்கே நிற்கிறது என்று ஊரூராகத் தேடிச் சென்ற கண்காணிப்பு மற்றொரு காரணம். ஆபிரிக்காவில் அத்தேடலுக்குத் துணை நின்றவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத மேய்ப்பர்கள். அவர்கள் தம் மொழியில் வைத்திருந்த நோய்ப் பெயர்களையும், எந்தக் கிணற்றடியில் எந்த மந்தை தங்கும் என்ற அறிவையும் வைத்தியர்கள் கேட்டறிந்து பயன்படுத்தினர்.

இலங்கையிலும் இத்தகைய முயற்சி ஒன்று நடந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளரும் இலங்கை மிருக வைத்தியரும் சேர்ந்து, கைத்தொலைபேசி மூலம் கால்நடை நோய்களைக் கண்காணிக்கும் ஏற்பாட்டைச் சில மாவட்டங்களில் நடத்திப் பார்த்தனர். களத்திலிருந்த வைத்தியர்கள் தாம் பார்த்த நோயை அவ்வப்போதே அனுப்பினர். ஒன்பது மாதங்களில் அனுப்பப்பட்ட செய்திகள் படிப்படியாகப் பெருகின. வசதி குறைந்த நாடுகளிலும் இம்முறை இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அவர்கள் எழுதிவைத்த மற்றொரு பாடம் கவனிக்கத்தக்கது. கருவியை வாங்கிக் கொடுத்த மாத்திரத்தில் வேலை முடிந்துவிடாது. அதனைப் பயன்படுத்துவோர் புதிய முறையை நம்பி ஏற்பதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும் என்பதே அது.

அவசரத்திலும் அவதானம்

நோயைக் கண்டதும் பாய்ந்து மருந்தடித்தல் மட்டும் போதுமா? அதற்கும் மலைநாட்டு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. தேயிலை இலைகளைச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் சுருட்டுப்புழுவை அடக்க, 1930களின் நடுப்பகுதியில் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியினம் கொண்டுவரப்பட்டது. அக்குளவி புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும். அது மலைகளிற் பரவியபின் சுருட்டுப்புழு பெரிதும் அடங்கிற்று. பின்னர் 1950களில், தண்டைத் துளைக்கும் வேறொரு வண்டை ஒழிக்கவென்று டில்ட்ரின் என்னும் கடும் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது. மருந்து வண்டோடு நிற்கவில்லை. நன்மை செய்த குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த சுருட்டுப்புழு மீண்டும் தலையெடுத்தது.

ஆகவே, நோயை மட்டும் கண்காணித்தாற் போதாது. நோய்க்கு நாம் செய்யும் வைத்தியத்தையும் கண்காணித்தல் வேண்டும். எந்த மலையில், எந்த நாளில், எந்த மருந்து, எவ்வளவு தெளிக்கப்பட்டது, அதன்பின் என்ன நேர்ந்தது என்னும் குறிப்பு இல்லையேல், ஒரு தவறு தவறென்று தெரிவதற்கே ஆண்டுகள் ஆகும். நல்ல மென்பொருள் இந்தக் குறிப்பையும் கேட்கிறது. மருந்துத் தாங்கி சுமக்கும் தொழிலாளியின் உடல்நலத்துக்கும் இக்குறிப்பு ஒரு காவல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முதலிற் கண்டவர் யார்?

இத்தனையும் சொன்ன பின்னர், இக்கருவிகளால் இயலாதது யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கணினிக்குக் கண் இல்லை. எவரேனும் பார்த்துச் சொன்னாலன்றி அதற்கு ஒன்றும் தெரியாது. வானத்திலிருந்து படம் எடுக்கும் கருவிகள் வந்துள்ளன என்பது மெய்யே. ஆயினும் தளிரிலையில் கடுகளவு தோன்றும் முதற் புள்ளியை, மூடுபனிக்குள்ளே, நிரையில் நிற்பவரே காண்கிறார்.

அவர் கண்டதைச் சொல்வாரா? இங்கேதான் சிக்கல். கொழுந்து கொய்பவரின் ஊதியம் கொழுந்தின் நிறையோடு கட்டப்பட்டிருக்கிறது. நின்று ஓர் இலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு எவரும் அவருக்குக் காசு கொடுப்பதில்லை. பார்த்துச் சொன்னாலும் கங்காணியார் கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி, அவர் மேலதிகாரிக்குச் சொல்லி, அவர் துரைக்குச் சொல்லுமுன் சொல் தேய்ந்து போகலாம். பசு வளர்ப்பவர் நிலைமையும் இதுவே. 'நோய் என்று சொன்னாற் பாலை வாங்க மாட்டார்கள். மாட்டையும் விற்க விடமாட்டார்கள்' என்ற அச்சம் வாயை அடைக்கும். மாதப் பால் வருமானத்திற் பிள்ளையின் பள்ளிச் செலவைப் பார்க்கும் குடும்பத்துக்கு அந்த அச்சம் சிறிதன்று. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம்மவர் பட்டறிந்து சொன்ன பழமொழி. அம்பலத்தைக் கணினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால் மட்டும் ஏழை சொல் அதில் ஏறிவிடுமா?

ஏறச் செய்யலாம் என்பதே நம் எண்ணம். அதற்கு மலைநாட்டில் எந்த மென்பொருள் வந்தாலும் அதனிடம் நான்கு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். நிரையில் நிற்பவர் தம் தாய்மொழியில், வேண்டுமாயின் எழுத்தின்றிப் பேச்சாலும் படத்தாலும், நேரே செய்தி அனுப்ப முடியுமா? அனுப்பியவர்க்கு 'கிடைத்தது, இன்ன முடிவு' என்று மறுமொழி வருமா? செய்தி சொன்னதனால் கூலியோ பாலோ குறையுமாயின் அதற்கு ஈடு உண்டா? சேர்ந்த செய்திகளின் பயன், வரைபடமாகவோ எச்சரிக்கையாகவோ, அதே லயத்துக்குத் திரும்பி வருமா? இந்த நான்குக்கும் விடை 'ஆம்' எனின் அம்மென்பொருள் வாழும். அன்றெனின், அது அலுவலக மேசைமேல் ஓர் அலங்காரப் பொருளாகவே முடியும்.

இது இரக்கத்தின்பாற் கேட்பதன்று, காரியத்துக்காகக் கேட்பது. 1869இல் பங்கசுக்குப் பெயர் வைக்கும் அறிவு இருந்தது; ஒவ்வொரு மலையிலும் என்ன நடக்கிறது என்பதைத் திரட்டிக் கேட்கும் வழி இல்லை. திரட்டுவதற்குக் கருவி இன்று வந்துவிட்டது. கேட்பதற்கு மனமும் வேண்டுமன்றோ?

நம்மால் ஆவது

அரசாங்கமும் தோட்ட நிருவாகமும் செய்ய வேண்டியவை ஒருபுறமிருக்க, குடும்பத்தாரும் மாணவரும் இன்றே செய்யக்கூடியனவும் உண்டு. முதலாவதாக, குறிப்பு எழுதும் பழக்கம். வீட்டுத் தோட்டத்திலோ பட்டியிலோ வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் கண்டால், கண்ட நாள், இடம், எத்தனை செடி அல்லது எத்தனை மாடு, முதல் அறிகுறி யாது என்ற நான்கையும் எழுதி வைத்தல் வேண்டும். தொலைபேசி இருப்பின் இலையின் இருபுறத்தையும் படம் பிடித்தல் நலம். பல பங்கசு நோய்களின் அடையாளம் அடிப்புறத்திலேயே இருக்கும். நோய்கண்ட இலையை வீடு வீடாக எடுத்துச் சென்று காட்டுதல் ஆகாது. அதுவே வித்தியை ஊரெங்கும் தூவுவதாகும்.

இரண்டாவதாக, நோயுற்ற மாட்டை அவசரத்தில் விற்றுவிடுதல் கூடாது. விற்றவருக்குச் சிறு நட்டம் தவிரும். வாங்கியவரின் பட்டியும் அவரது அயலார் பட்டிகளும் அழியும். 2020இல் இலங்கையின் வடக்கிலே முதன்முதலாகத் தோன்றிய மாட்டுத் தோற்கழலை நோய் பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் பரவிற்று. அந்நோயைக் காவுபவை கடிக்கும் ஈயும் நுளம்பும் முதலியன. தொலைதூரம் கொண்டு செல்வதோ பெரும்பாலும் மாடு ஏற்றும் வண்டியே. மூன்றாவதாக, தமிழகத்துக்கு யாத்திரை போய் வருவோர் பூங்கன்று, பழவித்து, மண்ணோடு கூடிய செடி முதலியவற்றைப் பைக்குள் மறைத்துக் கொண்டுவருதல் தகாது. 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியின்றிக் கொண்டுவருவதைத் தடுக்கிறது. சட்டத்துக்கு அஞ்சுவதைக் காட்டிலும், கோப்பிக்கு வந்த கதியை நினைந்து அஞ்சுதல் மேல்.

மாணவர்களுக்குத் தனியே ஒரு சொல். தோட்டப் பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகளிடம் நகரத்துப் பிள்ளைகளிடம் இல்லாத ஒரு செல்வம் உண்டு. கொழுந்தின் நிறம் சிறிது மாறினாலும் கண்டுகொள்ளும் தாயின் கண்ணும், பசு அசைபோடும் ஓசையிற் குறை இருந்தாலும் கேட்டுக்கொள்ளும் பாட்டனின் காதும் அவர்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அவ்வறிவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதன்மேல் உயிரியலையும் கணிதத்தையும் கணினியையும் கற்றுக்கொள்ளுங்கள். சென் கூம்ஸ் ஆய்வுகூடத்தில் வெயிலையும் வித்தியையும் எண்ணியோர் வரிசையில் சண்முகநாதன் என்ற பெயரும் சபாநாயகம் என்ற பெயரும் இருந்தன. நாளை மலைநாட்டுக்கென்று ஒரு நோய்க் கண்காணிப்பு மென்பொருள் எழுதப்படும்போது, அதை எழுதுவோருள் லயத்திற் பிறந்த ஒருவர் இருப்பாராயின், நிரையில் நிற்பவர் முதலிற் சொல்லும் சொல்லுக்கு அதில் இடம் வைக்க அவருக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.